கடல் நடுவே நல்ல தண்ணீர்!

லட்சத் தீவுக்குப் போகிறவர்கள் காணத் தவறும் அதிசயம்

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஓர் இரவு தூங்கி எழுந்தால், நாலா பக்கமும் கடல்தான். கரை இல்லை. மலை இல்லை. ஒரு பறவையைக் காண்பதுகூட அபூர்வம்.

திடீரென்று யாரோ ஒருவர், "அதோ!" என்று கை நீட்டுகிறார். அடிவானத்தில் பச்சை மையால் கோடு கிழித்தது போல ஏதோ தெரிகிறது. கப்பல் நெருங்க நெருங்க, அந்தக் கோடு தென்னை மரங்களாகப் பிரிகிறது. மரங்களுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது. கடலிலிருந்து நேரே முளைத்தவை போல மரங்கள் நிற்கின்றன.

அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. லட்சத் தீவுகளில் பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் கை உயர்த்தி நின்றால் தீவை விட உயரமாகிவிடுவார்!

பெயரில்தான் லட்சம். கணக்கில் உள்ளவை 36 தீவுகளே. அவற்றிலும் மக்கள் குடியிருப்பவை 10. எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான் தேறும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் சிறுமை புரியும்.

இந்தச் சின்னஞ்சிறு நிலத்தில் 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 64,000-க்கும் அதிகமானவர்கள் வசித்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல்! அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 555.

இங்கே ஆறு கிடையாது. ஓடை கிடையாது. சுற்றிலும் உப்புக் கடல். இத்தனை பேரும் எதைக் குடித்து உயிர் வாழ்கிறார்கள்?

இதுதான் லட்சத் தீவின் பெரிய அதிசயம். நீல நிறக் கடலையும் வெள்ளை மணலையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

பவளப் பூச்சி கட்டிய மதில்

பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்குப் போவதில்லை. ஆழ்கடலிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் மோட்டார் படகு வந்து அலையில் ஏறி இறங்கி ஆடுகிறது. கப்பல் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்ள, படகு மேலே எழும் நொடி பார்த்துப் பிரயாணிகள் அதில் கால் வைக்கிறார்கள். பழக்கப்பட்ட தீவுக்காரப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு அநாயாசமாகத் தாண்டிவிடுவார்கள். புதிதாகப் போகிறவர்களுக்குத்தான் உதறல்!

படகு கொஞ்ச தூரம் போனதும், வெள்ளை நுரை வளையம் ஒன்று குறுக்கே வருகிறது. அதில் ஓர் இடைவெளி. அதன் வழியே உள்ளே நுழைந்தால் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. கருநீலக் கடல் பச்சையாகிறது. அலை அடங்கிவிடுகிறது. தண்ணீருக்கு அடியில் மணலும் மீனும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை போலத் தெரிகின்றன.

நுரை எழும்பும் அந்த இடம்தான் பவளப் பாறை மதில். உள்ளே இருக்கும் அமைதியான நீர்ப்பரப்பு காயல். மதிலின் ஒரு பக்கத்தில் மணல் ஒதுங்கி மேடானதே தீவு.

மதிலைக் கட்டியது யார்? பவளப் பூச்சிகள்! அரிசி அளவும் சற்றுப் பெரிதுமான இந்த உயிர்கள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒன்று இறந்தால் அதன் மேல் இன்னொன்று கட்டுகிறது. இப்படி எத்தனையோ லட்சம் ஆண்டுகள்!

ஆழ்கடலில் வட்ட வடிவமாக இவை எப்படி வந்தன என்று முதலில் விளக்கியவர் சார்லஸ் டார்வின். எரிமலை ஒன்று கடலில் எழுகிறது. அதன் விளிம்பைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளமோ வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1842-ல் அவர் சொன்ன இந்த ஊகத்துக்கு 1952-ல் சாட்சி கிடைத்தது. பசிபிக் கடலில் எனிவெட்டாக் தீவைத் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்புக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

உப்பின் மேல் மிதக்கும் தண்ணீர்

தீவில் இறங்கித் தென்னந்தோப்புக்குள் நடந்தால் வீட்டுக்கு வீடு கிணறு. எட்டிப் பார்த்தால் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். ஆனாலும் வாயில் விட்டால் உப்புக் கரிப்பதில்லை. நல்ல தண்ணீர்!

இது எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்துதான். லட்சத் தீவில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பவள மணல் சல்லடை போன்றது. பெய்த மழை ஓடாமல், தேங்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது.

கீழே போனால் கடல் நீர் இருக்கிறது. மணலுக்குள் அது தீவின் அடி முழுவதும் ஊறி நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட லேசானது. ஆகவே மழை நீர் அதன் மேல் மிதக்கிறது. மணல் இடையில் இருப்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், மூக்குக் கண்ணாடியின் வில்லையைப் போல, தீவுக்கு அடியில் நல்ல தண்ணீர் படுத்திருக்கிறது.

தண்ணீர் மிதக்கிறது என்பதற்குக் கிணறே சாட்சி. கடலில் ஏற்றம் வந்தால் கிணற்று நீர் ஏறுகிறது. வற்றம் வந்தால் இறங்குகிறது!

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு அறிஞர்கள் கண்டு சொன்னது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே 40 அடி நிற்கும். சிறிய பவளத் தீவுகளில் கடல் ஏற்ற இறக்கம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், உண்மையில் கிடைப்பது இதை விட மிகக் குறைவு. சில இடங்களில் வில்லையின் கனம் ஓரிரு ஆள் உயரந்தான்.

கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வருகிறது. மேலே ஓர் அடி தண்ணீரை இறைத்துவிட்டால், கீழிருந்து 40 அடி உப்புத் தண்ணீர் ஏறி வரப் பார்க்கும்!

வாளியும் மோட்டாரும்

கயிறும் வாளியும் இருந்த நாளில் இந்தக் கணக்கு தப்பவில்லை. கை வலிக்கும் வரைதானே இறைக்க முடியும்? குளிப்பதற்கும் துவைப்பதற்கும் குளங்கள் இருந்தன. பள்ளிவாசல்களுக்குப் பக்கத்தில் இன்றும் குளங்களைக் காணலாம்.

பிறகு மோட்டார் பம்பு வந்தது. பொத்தானை அமுக்கினால் மாடித் தொட்டி நிறைகிறது. கிணற்றின் அடியில் உப்பு எட்டிப் பார்க்கிறது. இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு கழிவறைத் தொட்டி. சல்லடை மணலில் கழிவு நீருக்கும் தடை ஏது? கழிவறைக்கும் கிணற்றுக்கும் நடுவே போதிய இடம் விட, நிலமும் இல்லை.

தலைநகரான கவரத்தி 4.22 சதுர கிலோமீட்டர். 2011-ல் அங்கே 11,221 பேர். நெருக்கடி எங்கே முதலில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து போன யோசனை

இதற்கு ஒரு வழி கண்டவர்கள் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் விஞ்ஞானிகள்.

உதகமண்டலத்தில் பருப்பு வேகத் தாமதமாகும். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் முழுச் சூடு ஏறுமுன்பே கொதித்துவிடுகிறது. காற்றை இன்னும் உறிஞ்சி எடுத்துவிட்டால்? அடுப்பே இல்லாமல், கடலின் சாதாரண வெதுவெதுப்பிலேயே தண்ணீர் ஆவியாகும்!

இதுதான் தத்துவம். கடலின் மேல்மட்ட நீர் சுமார் 28 டிகிரி சூடு. அதைக் காற்று நீக்கிய தொட்டிக்குள் விட்டால் ஒரு பகுதி ஆவியாகிறது. உப்பு பின்தங்கிவிடுகிறது. அந்த ஆவியைக் குளிரச் செய்ய, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல் நீரை நீண்ட குழாய் மூலம் எடுக்கிறார்கள். ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகச் சொட்டுகிறது. தீவைத் தாண்டியதும் கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால், குளிர்ந்த நீர் கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

2005-ம் ஆண்டு கவரத்தியில் இந்த நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. நாளைக்கு 1 லட்சம் லிட்டர். 2011-ல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும் வந்தது. 2024 ஜனவரியில் கட்மத் தீவில் நாளைக்கு 1.5 லட்சம் லிட்டர் தரும் நிலையம் திறக்கப்பட்டது.

1 லட்சம் லிட்டர் என்றால் ஏராளம் போலத் தோன்றும். கவரத்தியின் 2011-ம் ஆண்டு ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 9 லிட்டர்! குடிக்கவும் சமைக்கவும் அது போதும். மற்றதற்கெல்லாம் இன்னும் கிணற்றைத்தான் நம்ப வேண்டும். நிலையத்தின் பம்புகளை ஓட்ட மின்சாரம் வேண்டும். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் என்ஜின்களிலிருந்து வருகிறது. டீசலோ கப்பலில் வருகிறது.

அரிசியும் கயிறும்

தண்ணீரைப் போலவே, தீவில் எதற்கும் கணக்கு உண்டு. நெல் விளைவதில்லை. அரிசி முழுவதும் கரையிலிருந்து வர வேண்டும். தென்னையும் மீனுமே தீவின் சொந்தச் செல்வம். தேங்காய் மட்டையைக் காயல் மணலில் ஊறப் போட்டு, தட்டி, பெண்கள் கயிறு திரித்தார்கள். ஆண்கள் ஓடத்தில் பாய் விரித்து அதை மலையாளக் கரைக்குக் கொண்டுபோய் அரிசி வாங்கி வந்தார்கள். கண்ணூர் அரக்கல் அரச குடும்பம் தீவுகளை ஆண்ட காலத்தில், கயிறு வியாபாரம் முழுவதும் அரண்மனையின் தனி உரிமையாக இருந்தது. சொன்ன விலைதான் விலை! வெறுத்துப்போன அமினி முதலிய வடக்குத் தீவுகள் 1787-ல் திப்பு சுல்தான் பக்கம் சேர்ந்துவிட்டன.

திப்புவுக்குப் பின் வெள்ளையர் ஆட்சி. அமினித் தீவுகள் தென் கன்னட ஜில்லாவோடும், மற்றவை மலபார் ஜில்லாவோடும் இணைந்தன. இரண்டு ஜில்லாக்களும் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவை. அதாவது, 1956 நவம்பர் 1-ந் தேதி வரை லட்சத் தீவுகள் சென்னை ராஜ்யத்தின் பகுதிதான்! ஆர்.எச்.எல்லிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இத்தீவுகளைப் பற்றி எழுதிய நூலும் 1924-ல் சென்னை அரசாங்க அச்சகத்திலேயே அச்சாயிற்று. 1956-ல் மத்திய அரசின் நேர் ஆட்சிக்கு வந்த தீவுகளுக்கு, 1964 வரை கோழிக்கோட்டிலிருந்துதான் நிர்வாகம் நடந்தது. அதன் பிறகே தலைமையகம் கவரத்திக்குப் போயிற்று. லட்சத் தீவு என்ற பெயர் 1973-ல் சூட்டப்பட்டது.

தீவு மக்கள் ஏறக்குறைய எல்லாருமே முஸ்லிம்கள். ஆனால் குடும்ப வழி தாய் வழி! பரம்பரைச் சொத்து தாயிடமிருந்து பெண் மக்களுக்குப் போகும் மருமக்கத்தாயம் இங்கே நெடுங்காலம் வழங்கியது. கணவன் மனைவி வீட்டுக்கு வந்து போவான். இஸ்லாமும் தாய்வழி முறையும் இணைந்திருப்பது உலகில் அபூர்வம். அறிஞர்கள் இதை ஆராயவே கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள்.

மாசிக் கருவாடு வரும் வழி

தென்கோடியில் தனித்து நிற்கிறது மினிக்காய். மற்றத் தீவுகளில் மலையாளம் என்றால், இங்கே மால் மொழி. அது பக்கத்து மாலத்தீவின் மொழியோடு ஒன்று. வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். ஊர் 11 கிராமங்களாகப் பிரிந்திருக்கிறது. 1885-ல் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் வானளாவ நிற்கிறது.

தென் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் மாசிக் கருவாடு தெரியாதவர்கள் இல்லை. மரக்கட்டை போலிருக்கும் அதை இடித்துச் சம்பல் செய்வார்கள். சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, வெயிலில் உலர்த்தினால் மாசி. மினிக்காய்க்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள்.

சூரையை அவர்கள் வலை போட்டு அள்ளுவதில்லை. காயலிலும் பவளப் பாறைகளுக்கிடையிலும் பிடித்த பொடி மீனை உயிரோடு படகில் கொண்டுபோய், சூரைக் கூட்டத்தின் நடுவே வீசுகிறார்கள். சூரைகள் பாய்ந்து வருகின்றன. தூண்டிலை வீசி ஒவ்வொன்றாகச் சுண்டி இழுக்கிறார்கள். கடல் காலியாவதில்லை, கையும் காலியாவதில்லை!

ஆகப் பவளப் பாறை இல்லையேல் பொடி மீன் இல்லை. பொடி மீன் இல்லையேல் சூரை இல்லை. சூரை இல்லையேல் அரிசி வாங்கக் காசு இல்லை.

வெளுக்கும் பவளம்

அந்தப் பவளத்துக்குத்தான் இப்போது ஆபத்து. பவளப் பூச்சியின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பூச்சிக்கு நிறமும் உணவும் தருவது அதுவே. கடல் வழக்கத்தை விட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சுட்டு, அது பல வாரம் நீடித்தால், பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பவளம் எலும்பு போல வெளுத்துவிடுகிறது. சூடு தணியாவிட்டால் செத்துவிடுகிறது. லட்சத் தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் இப்படி நடந்தது. 2024-லும் பவளம் வெளுத்தது.

மதில் இடிந்தால் அலை நேரே தீவில் மோதும். கடல் மட்டமும் ஏறி வருகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டன. ஒரு மீட்டர் உயரத் தீவுக்கு அது சிறிய அளவா?

பங்காரம் தீவுக்குப் பக்கத்தில் பரளி என்ற பெயரில் மனிதர் வசிக்காத சிறு திட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்று கடலில் கரைந்து அடியோடு மறைந்துவிட்டதாக 2017-ல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

2017-ம் ஆண்டின் ஒக்கிப் புயலைக் குமரி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். அதே புயல் குமரியைத் தாண்டிப் போய் கல்பேனியையும் மினிக்காயையும் தாக்கியது. புயல் அலை தரையில் புரளும்போது விழுந்த மரங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கிணற்றுக்குள் இறங்கிய உப்பு தெரிவதில்லை. அடுத்த மழைகள் பெய்து அதைக் கழுவித் தள்ளும் வரை அந்தக் கிணறு வீட்டுக்கு உதவாது.

விருந்தாளியின் பங்கு

லட்சத் தீவுக்குப் போக இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். 1967-ல் வந்த விதி அது. "நம் நாட்டுக்குள்ளேயே போவதற்கு அனுமதியா?" என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. கிணற்றைப் பார்த்தவர்கள் முணுமுணுக்கமாட்டார்கள்.

கணக்கு எளியது. குளிக்கும் வாளி ஒன்றுக்குச் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். இரண்டு வாளியில் குளித்தால் 30 லிட்டர். கவரத்தி நிலையத்தின் கணக்குப்படி அது மூன்று பேரின் ஒரு நாள் குடிதண்ணீருக்கும் மேல்! ஷவருக்கு அடியில் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பவரின் கணக்கை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

அதற்காக யாரும் போகவே கூடாது என்பதில்லை. விருந்தாளிகளால் தீவு இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது. படகுக்காரருக்கும் சமையல்காரருக்கும் வருமானம் கிடைக்கிறது. எத்தனை பேர் ஒரே நேரத்தில் வரலாம், எத்தனை விடுதி கட்டலாம் என்பதை அறையின் எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. கிணற்றின் கனத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைப்பதும், கழிவு நீரை மணலில் விடாமல் சுத்திகரிப்பதும் விடுதிகளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

போகிறவர்களும் சிலவற்றைக் கவனித்தால் போதும். பவளத்தின் மேல் கால் வைக்காமலிருந்தால் போதும். பிளாஸ்டிக் புட்டிகளைத் திரும்பக் கையோடு கொண்டு வந்தால் போதும். ஒரு வாளியில் குளித்தால் போதும்.

தீவில் இறங்கியதும் வரவேற்பாக இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். நாக்கில் தித்திக்கும் அந்த நீரும் மணலுக்கு அடியில் மிதக்கும் வில்லையிலிருந்து தென்னை உறிஞ்சியதுதான். கிணற்று நீரைத் தந்தாலும் இளநீரைத் தந்தாலும், தீவுக்காரர் விருந்தாளிக்குக் கொடுப்பது தம்முடைய ஒரே சேமிப்பை! அதை அறிந்து குடிக்கிறவர் ஒரு சொட்டைக்கூடக் கீழே சிந்தமாட்டார்.